பேப்பரில் வந்த தொப்பி

விளாத்தியடிக்குளத்து மயில்வாகனத்தார் எந்தத் தேத்தண்ணீரையும் ஒருமுறை மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். பாலுக்குள் தண்ணீர் விட்டிருக்கிறார்களா, தண்ணீருக்குள் பால் விட்டிருக்கிறார்களா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தராசைக் கண்டால் தட்டின் அடியைத் தடவுவார். கலியாண வீட்டுப் பந்தலுக்குள் போகுமுன் பந்தற்காலை அசைத்துப் பார்ப்பார். “கண்ணாலை காணுறதும் பொய், காதாலை கேக்கிறதும் பொய், தீர விசாரிக்கிறதுதான் மெய்” என்ற வாசகம் அவர் வாயில் வெற்றிலையோடு வெற்றிலையாகக் கிடந்தது.

ஊர் இதைச் சொல்லிச் சிரித்தாலும், குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் வட்டவிதானை வேலையை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தது. ஒருத்தரையும் நம்பாத ஆள்தான் எல்லாருக்கும் சரியாகப் பங்கிடுவான் என்று ஊர் நினைத்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து இந்தச் சனம் குடியேறி வந்த எட்டு வருடத்தில் அந்த நினைப்பு பொய்க்கவும் இல்லை. அவர் மோந்து பார்க்காமல் தேத்தண்ணீர் குடிக்கும் வீடு உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது கீழ்வயல்காரரான ஸுஹைரின் வீடு.

அப்படிப்பட்ட மனிதர், அறுபதாம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, புளியங்குளம் சந்தியில் சின்னராசாவின் தேத்தண்ணீர்க் கடையில் கொழும்புப் பேப்பரை விரித்துப் பிடித்தபடி கோப்பையை மறந்து நின்றார். பேப்பரின் முன்பக்கத்தில் ஒரு படம். வைக்கோல் உருவம் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறார்கள். உருவத்தின் தலையில் ஒரு தொப்பி. மேலே கொட்டை எழுத்தில் மூன்று வரி:

முஸ்லிம் வேட்பாளர் வருகைக்கு எதிர்ப்பு
தொப்பி அணிவித்த உருவப் பொம்மை எரிப்பு
விளாத்தியடிக்குளத்தில் மதப் பகை

“உங்கடை ஊர் பேப்பரிலை வந்திட்டுது, அண்ணை” என்றார் சின்னராசா, கேத்திலைத் தூக்கியபடி. “கயித்தைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போறது நீங்கள்தானே?”

அவர்தான். சால்வையை இடுப்பில் கட்டி, வெறும் மேலோடு, வாயைப் பிளந்துகொண்டு போகிறார். மயில்வாகனத்தார் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். எப்படிப் பார்த்தாலும் அது தொப்பிதான். தொழுகைக்குப் போகிறவர்கள் போடுகிற வட்டத் தொப்பி.

“ஆர் இந்தத் தொப்பியைப் போட்டவன்?” என்று அவர் கேட்டார். கடையில் இருந்த நாலு பேரையும் ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்தார். நாலு பேரும் தங்கள் தங்கள் தேத்தண்ணீரைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். அந்த வருடம் மாரி மழை பிந்தி வந்து முந்திப் போய்விட்டது. பயிர் கதிருக்குக் குடலை தள்ளும் நேரத்தில் குளம் அடிமட்டத்துக்கு இறங்கியது. இன்னும் ஒரு மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் வைக்கோல். ஐயனாருக்குப் பொங்கி ஆயிற்று. ஸுஹைரின் ஆட்கள் பள்ளிவாசலில் மழை கேட்டுத் தொழுதும் ஆயிற்று. கடைசியில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த சனம் தங்கள் பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தது. வைக்கோலில் கொடும்பாவி கட்டி, பிணம்போல ஒப்பாரி வைத்து ஊர் முழுக்க இழுத்துப்போய், எல்லையில் எரித்துவிட்டு வந்து முழுகுவது. ஊரில் யாரோ செய்த பாவம்தான் மழையை மறிக்கிறது. அந்தப் பாவி செத்தால் மழை வரும் என்பது நம்பிக்கை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொடும்பாவிக்கு உடுக்க யாராவது தன் சொந்த உடுப்பைத் தானாகத் தர வேண்டும். யாருடைய உடுப்போ அவன்தான் பாவி என்று ஊர் பகிடி பண்ணும். போன முறை ஒரு சாரத்தைக் கொடுத்த வீரகத்தி, பெயரே மாறி, ஐந்து வருடமாக ‘மழைமறிச்சான்’ ஆகிக் கிடந்தான். அவன் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட, ‘மழைமறிச்சான் வீடு எது’ என்றுதான் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஆகவே திங்கட்கிழமை காலை குளக்கட்டில் கூட்டம் கூடியபோது, உடுப்பு என்ற சொல் வந்ததும் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள்.

“ஏன் மேலை பாக்கிறியள்? அங்கை ஒண்டும் இல்லை” என்றார் ஸுஹைர். தண்ணீர் முறை பேச வந்து, ஒரு கல்லில் குந்தியிருந்தவர். “என்ரை சாரத்தையும் சேட்டையும் கொண்டு போங்கோ. மழை பெஞ்சா என்ரை வயலிலையும்தானே பெய்யும்.”

“ஸுஹைர் நானா, பிறகு உங்களை மழைமறிச்சான் எண்டுவாங்கள்” என்றான் வீரகத்தி. தன் பட்டத்துக்கு ஒரு வாரிசு கிடைத்த சந்தோசம் அவன் குரலில் மறைக்க முடியாமல் இருந்தது.

“சொல்லட்டும். நெல்லு வீட்டை வந்தாச் சொன்னவனுக்கும் சேத்துச் சோறு போடுறன்.”

குளக்கட்டே சிரித்தது. அவருடைய தம்பி லாபிர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் தமையன் சொல்லுக்கு மேல் பேசவில்லை. சொன்னபடி ஸுஹைர் ஒரு பழைய பளையகாட் சாரத்தையும் ஒரு சேட்டையும் பொட்டளி கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மயில்வாகனத்தாரின் முற்றத்தில் கொடும்பாவி கட்டினார்கள். அவர் மனைவி கமலாசனி தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்குக் கிளிநொச்சி போயிருந்ததால், குறுக்கே நின்று குறை சொல்ல ஆள் இல்லை. புறப்படுகிற நேரம் தலை அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. மயில்வாகனத்தார் ஓடித் திரிந்து அதை ஒருமாதிரிச் சரிக்கட்டிக் கயிற்றைப் பிடித்தார். பெண்கள் மார்பில் அடித்து ஒப்பாரி வைக்க, அவர் மட்டும் ஒழுங்கை முழுவதும் தும்மிக்கொண்டே போனார். பக்கத்தில் நடந்து வந்த ஸுஹைர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். செத்த வீட்டில் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று ஒரு கிழவி அவரை ஏசினாள்.

றோட்டு முடக்கில் ஒரு கார் எதிரே வந்து நின்றது. சுயேச்சையாகத் தேர்தல் கேட்ட, வழக்குப் பேசும் முஸ்லிம் பிறக்கிராசியார் ஒருவரின் கார் அது. அவருக்குக் குடைச் சின்னம். மழையில்லாத ஊருக்குக் குடையோடு வந்திருக்கிறார் என்று சனம் அதற்கும் சிரித்தது. அவர் இறங்கி எல்லாருக்கும் கும்பிட்டார். அவரோடு வவுனியாவில் இருந்து வந்த படக்காரர் கமராவைத் தூக்கினார். இரண்டு நிமிடத்தில் கார் போய்விட்டது. ஊர் எல்லையில் கொடும்பாவி எரிந்து சாம்பலானது. எல்லாரும் முழுகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதில் மதப் பகை எங்கே இருந்தது என்று மயில்வாகனத்தாருக்கு விளங்கவில்லை. ஆனால் தொப்பி இருந்தது. பேப்பரில் இருந்தது. பொட்டளியில் அவர் சாரத்தையும் சேட்டையும்தான் கண்டவர். அப்படியென்றால் யாரோ ஒருவன் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவரை, மயில்வாகனத்தாரை, ஒருவன் ஏய்த்திருக்கிறான்! அந்த நினைப்புத்தான் அவரை அதிகமாகச் சுட்டது.

அன்று மத்தியானம் குளக்கட்டுக்குப் போனார். காலையில் மேல்வயலுக்கும் மத்தியானத்துக்குப் பிறகு கீழ்வயலுக்கும் தண்ணீர் விடுவது முறை. மேல்வயல் தமிழருடையது, கீழ்வயல் முஸ்லிம்களுடையது. மேலே இருப்பவன் வாய்க்காலில் ஒரு கை மண்ணைக் கள்ளமாக வெட்டினால் கீழே இருப்பவனின் பயிர் செத்துப்போகும். எட்டு வருடமாக அங்கே ஒரு காவல் நின்றதில்லை. அன்றைக்கு, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில் லாபிர் நின்றான். பக்கத்தில் இரண்டு ஆட்கள். தண்ணீருக்குள் கோடு கீறிய ஒரு தடி நட்டிருந்தது.

“உது என்ன தடி?”

“அளவுத் தடி. எவ்வளவு இறங்குது எண்டு நாங்களும் பாக்கிறம்.” லாபிர் மடியில் இருந்து அதே பேப்பரை எடுத்தான். நாலாக மடித்திருந்தான், படம் மேலே தெரியும்படி. “எங்கடை நானா மனசறிஞ்சு உடுப்புத் தந்தவர். தொப்பி போட்டு நாயை இழுக்கிறமாதிரி இழுக்கத் தந்தவரில்லை. ஆர் போட்டது?”

“அதைத்தான் நானும் விசாரிக்கிறன்.”

“கயிறு உங்கடை கையிலை. விசாரிக்கிறதும் நீங்களோ?”

மயில்வாகனத்தாருக்கு வாயில் வந்த பதில் நல்ல பதில் அல்ல. அதை விழுங்கிவிட்டுத் துருசைத் திறந்தார். அந்தத் தடி தன் முதுகில் நட்டதுபோல அவருக்கு வலித்தது.

பின்னேரம் ஒரு ஜீப் வந்தது. பிறக்கிராசியாரை எதிர்த்துத் தேர்தல் கேட்ட கட்சிக்காரரின் ஜீப். அதிலிருந்து இறங்கிய முன்பின் தெரியாத ஒரு மனிதர் மயில்வாகனத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஐயா, நல்ல வேலை செய்தீங்கள். எங்கடை சனத்துக்கு ரோசம் இருக்கெண்டு காட்டிப்போட்டீங்கள்.” அடுத்த ஊரில் குடைச் சின்னக்காரர் அதே பேப்பரை மேடையில் தூக்கிப் பிடித்து, ‘என் தலையில் இருப்பதை எரித்தவர்களுக்கு உங்கள் வாக்கால் பதில் சொல்லுங்கள்’ என்று அழுதாராம். ஒருவர் கைகுலுக்குகிறார், மற்றவர் அழுகிறார். இரண்டு பேருக்கும் அந்தத் தொப்பி வேண்டியிருக்கிறது. மயில்வாகனத்தார் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நெருப்பில்லாமல் புகையாது, இதில் யாருக்கு ஆதாயமோ அவன்தான் நெருப்பு வைத்தவன் என்று முடிவு கட்டினார்.

வெள்ளி காலை முதல் வேலையாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கதிர்காமநாதன் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் புளியங்குளத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர். மிச்ச நேரத்தில் கொழும்புப் பேப்பருக்கு ‘எமது நிருபர்’. வீரகத்தியின் மாடு கிணற்றில் விழுந்ததைக்கூட மூன்று வரியில் எழுதி அனுப்பியவர். அவரும் ஊர்வலத்தின் வாலில் கொஞ்சத்தூரம் நடந்தவர்.

“மாஸ்டர், நீங்களோ இந்த வேலை பாத்தது?”

மாஸ்டர் அலுமாரியைத் திறந்து, தான் அனுப்பிய செய்தியின் பிரதியை எடுத்து நீட்டினார். ‘மழை வேண்டிக் கொடும்பாவி. முஸ்லிம் அன்பர் ஒருவர் தம் உடையை வழங்கினார். இரு சமூகத்தினரும் பங்குபற்றினர்.’ அழகான எழுத்து. மயில்வாகனத்தார் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இது ஏன் வரேல்லை?”

“வாராது ஐயா. சேந்து போனதைப் போட்டா ஆர் பேப்பர் வாங்குவினம்? அதுவும் தேர்தல் நேரம். படம் ஒரு பக்கத்தாலை போச்சு, என்ரை எழுத்து மற்றப் பக்கத்தாலை போச்சு. அங்கை ஆரோ படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்ரை பாட்டிலை ஒரு கதை கட்டியிருக்கிறார்.”

“கதை கட்டலாம். தொப்பியைக் கட்டேலாதே. தொப்பி எங்கையிருந்து வந்தது?”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “நான் பின்னுக்கு வந்தனான், தலையைச் சரியாக் காணேல்லை. ஸுஹைர் நானாவின்ரை பொட்டளிக்குள்ளை இருந்திருக்குமோ?” பிறகு, சும்மா சொல்வதுபோல, “அவர் காரடியிலை நிண்டு பிறக்கிராசியாரோடை கதைச்சதைக் கண்டனான்” என்றார்.

அவ்வளவுதான். மாஸ்டர் ஒரு விதையைப் போட்டார், அது விழுந்தது ஏற்கெனவே உழுது பண்படுத்திய நிலத்தில். சைக்கிள் விளாத்தியடிக்குளம் வந்து சேர்வதற்குள் அது மரமாகிவிட்டது. எல்லாரும் வானத்தைப் பார்த்தபோது ஸுஹைர் மட்டும் ஏன் உடுப்புத் தந்தார்? இனாமாக எவன் எதைத் தருகிறான்? ஊர்வலம் போன நேரத்துக்குக் கார் எப்படி மணியடித்ததுபோல வந்தது? ஏன் ஒழுங்கை முழுவதும் சிரித்துக்கொண்டு வந்தார்? சேட்டுக்குள் ஒரு தொப்பியைச் சுருட்டி வைத்து, வழியில் எடுத்து மாட்டி, படமும் எடுப்பித்து, ‘எங்களை அவமதித்துவிட்டார்கள்’ என்று வாக்குச் சேர்க்கிற வேலை! ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று பொருந்தியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அவருக்குத் தெரியாத பழமொழி அல்ல. அதை அவர் மற்றவர்களுக்குத்தான் சொல்லுவார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் ஸுஹைரின் வீட்டுப் படலையைத் திறந்தார். ஸுஹைர் அப்போதுதான் பள்ளிவாசலில் இருந்து வந்து கதிரையில் இருந்தார். களைத்த முகம். தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

“வாங்கோ, மயிலண்ணை. உங்களைத்தான் நினைச்சனான்.” உள்ளே பார்த்து, “சரீபா, அண்ணைக்குத் தேத்தண்ணி” என்றார்.

மயில்வாகனத்தார் இருக்கவில்லை. பேப்பரை விரித்துப் பிடித்தார். “இதுக்கு என்ன சொல்லுறீர்?”

ஸுஹைர் படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார். “நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு கேக்கத்தான் இரண்டு நாளா இருக்கிறன்.”

“தொப்பி உம்முடைய பொட்டளிக்குள்ளைதான் வந்திருக்க வேணும்.”

“என்ரை தொப்பி என்ரை தலையிலை இருக்கு, அண்ணை.”

“ஒருத்தனுக்கு ஒரு தொப்பிதானோ? குடைக்காரனோடை காரடியிலை நிண்டு என்ன கதைச்சனீர்?”

“கிணறு ஒண்டு வெட்டித் தரச்சொல்லிக் கேட்டனான்.” ஸுஹைரின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “அண்ணை, ஒண்டு கேக்கிறன். நீங்கள் கண்ணாலை தொப்பியைக் கண்டனீங்களோ?”

“பேப்பரிலை கிடக்குதே!”

“பேப்பரைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்.”

“கொழும்பிலை இருக்கிறவனுக்கு என்னிலை என்ன கோபம்? அவன் ஏன் பொய் போடப்போறான்? பொய் சொல்ல ஆதாயம் உள்ளவன் இஞ்சைதான் இருக்கிறான்.”

அந்த நேரம் சரீபா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வழக்கம்போல அவர் கையில் நீட்டினாள். மயில்வாகனத்தாரின் கை தானாகவே கோப்பையை வாங்கியது. வாங்கிய கை அதை மூக்கடிக்குக் கொண்டுபோனது. அவர் மோந்து பார்த்தார்.

எட்டு வருடத்தில் அந்த வீட்டில் அது முதல் தடவை. சரீபா கண்டாள். ஸுஹைரும் கண்டார். கோப்பையை மேசையில் வைத்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று மயில்வாகனத்தாருக்கே தெரிந்தது. ஆனால் நீட்டிய வாளை உறைக்குள் போட அவருக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

“போயிட்டு வாங்கோ, அண்ணை” என்றார் ஸுஹைர்.

சனிக்கிழமை காலை ரெயிலில் கமலாசனி கிளிநொச்சியில் இருந்து திரும்பி வந்தாள். பயணப் பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனவள், போன வேகத்தில் வெளியே வந்தாள். கையில் சுளகு, சுளகு நிறையச் செத்தல் மிளகாய்.

“இஞ்சருங்கோ! ஆர் என்ரை மிளகாயைச் சுளகிலை கொட்டினது? ஓலைப்பெட்டி எங்கை?”

“எனக்கென்ன தெரியும்? பக்கத்து வீட்டாள் எடுத்திருப்பாள்” என்றார் மயில்வாகனத்தார். அவர் இருந்த மனநிலைக்கு ஒரு பெட்டியைப் பற்றி விசாரிக்க அவருக்கு நேரம் இல்லை. மேசையில் பேப்பர் விரிந்து கிடந்தது. நேற்றுப் பின்னேரம் தொட்டு அது அங்கேதான் கிடந்தது.

கமலாசனி பேப்பரைக் கண்டாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே அவள் படத்தை மட்டும் பார்த்தாள்.

“இது நீங்களெல்லே? ஏன் வாயைப் பிளந்துகொண்டு போறியள், தும்மல் வந்ததோ?” பிறகு குனிந்து பார்த்தாள். “அட கடவுளே! என்ரை பெட்டியை ஏன் இந்த வைக்கோலுக்குக் கவிட்டு வைச்சிருக்கிறியள்?”

“என்ன பெட்டி? அது தொப்பி.”

“தொப்பியோ! நான் இழைச்ச பெட்டி எனக்குத் தெரியாதோ? இஞ்சை பாருங்கோ, வாய்க்கட்டிலை ஒரு பக்கம் பிஞ்சு ஓலை நீட்டிக்கொண்டு நிக்குது. எலி கடிச்ச இடம்.”

மயில்வாகனத்தார் குனிந்தார். முதலில் தொப்பிதான் தெரிந்தது. கறுத்த எழுத்து தொப்பி என்று சொல்லும்வரை அது தொப்பியாகவே நின்றது. எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பிய்ந்த ஓலை மெல்ல வெளியே வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வந்தன: தலை அவிழ்ந்து தொங்கியது, ஒழுங்கைக்கு இறங்கிவிட்ட சனம் ‘கெதியா, கெதியா’ என்று கத்தியது, அவர் குசினிக்குள் ஓடிக் கையில் பட்ட பெட்டியை எடுத்து மிளகாயைச் சுளகில் கொட்டியது, வைக்கோல் தலையில் அதைக் கவிழ்த்து அமத்திக் கட்டியது, மிளகாய்த் தூசு மூக்கில் ஏறி ஒழுங்கை முழுவதும் தும்மினது. அந்த அவசரத்தில் எடுத்து, அந்த அவசரத்திலேயே மறந்துபோன பெட்டி. வைத்தது அவருடைய கை. அதே கைதான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாகக் கள்ளனைத் தேடியது.

ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர் ஒன்றை மட்டும் மோந்து பார்க்காமல் விழுங்கியிருந்தார். அது ஒரு பேப்பர். ஸுஹைரின் முகம் அவர் கண்ணுக்குள் வந்தது. அழுகை வந்தது. கமலாசனி பயந்துபோய், “போனாப் போகுது, ஒரு பெட்டிதானே, நான் வேறை இழைப்பன்” என்றாள்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் பறந்தார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“எழுதி அனுப்புறன் ஐயா. ஆனா போடமாட்டினம்.”

“ஏன்? உண்மையெல்லே!”

“பெட்டி செய்தியில்லை. தொப்பிதான் செய்தி.”

சனி பின்னேரம் தெற்கே கறுத்தது. பொழுதுபடும் நேரம் தொடங்கிய மழை விடியும்வரை கொட்டி, விடிந்த பிறகும் தூறியது. மேல்வயலிலும் பெய்தது, கீழ்வயலிலும் பெய்தது. ஞாயிறு காலை குளம் கட்டை முட்டிக்கொண்டு நின்றது. கொடும்பாவி செத்துவிட்டான் என்று சனம் குதித்தது. வீரகத்தி ஒழுங்கையில் நின்று, “ஸுஹைர் நானாதான் இனி மழைமறிச்சான்!” என்று கத்திப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. கீழ்வயல் பக்கம் கேட்டுவிடப் போகிறது என்று இரண்டு பேர் அவன் வாயைப் பொத்தினார்கள்.

மயில்வாகனத்தார் குளக்கட்டால் நடந்து போனார். பங்கிட இனி ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் மிஞ்சின தண்ணீர். ஆனாலும் துருசடியில் லாபிரின் ஆள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். அளவுத் தடி கழுத்துவரை தண்ணீரில் மூழ்கி நின்றது.

ஸுஹைர் தன் வீட்டுத் தாவாரத்தில் நின்று மழைத்தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

“ஸுஹைர்” என்றார் மயில்வாகனத்தார். வழி முழுவதும் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த சொற்கள் எல்லாம் சரிந்தன. “அது தொப்பி இல்லை. என்ரை வீட்டு மிளகாய்ப்பெட்டி. நான்தான் வைச்சனான்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரியுமோ?”

“சனம் எல்லாம் ஒழுங்கைக்கு இறங்கிட்டுது, நான் மட்டும்தானே பக்கத்திலை நிண்டனான், நீங்கள் கவிட்டுக் கட்டேக்கை. நீங்கள் தும்ம நான் சிரிச்சதும் அதுக்குத்தானே.” ஸுஹைர் காலில் ஒட்டிய சேற்றை ஒரு தடியால் வழித்தார். “வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, பள்ளியடியிலை சனம் பேப்பரை வைச்சுக்கொண்டு கொதிச்சுது. நான் எழும்பிச் சொன்னனான், அது மயிலண்ணை வைச்ச மிளகாய்ப்பெட்டி, அந்த மனிசன் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டு. லாபிர் நம்பேல்லை. பாதிச்சனம் நம்பிச்சுது. அவ்வளவையும் கத்திச் சொல்லிப்போட்டு வந்து கதிரையிலை இருக்கிறன், நீங்கள் படலையைத் திறக்கிறீங்கள்.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பேப்பர்க்காரன் அங்கை நிக்கேல்லை, அண்ணை. நீங்கள் நிண்டனீங்கள்.”

கூரைத்தண்ணீர் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது. மன்னித்துக்கொள் என்ற சொல்லை மயில்வாகனத்தார் தன் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். ஸுஹைர் தலையை ஆட்டினார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“வந்தனீங்கள், இருங்கோ” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்.

சரீபா தேத்தண்ணீரைக் கொண்டுவந்தாள். வழக்கமாகத் தருவதுபோல அவர் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மயில்வாகனத்தார் அவசரமாகக் கோப்பையை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும், ஸுஹைர் பார்க்கக் குடித்துவிட வேண்டும் என்று வாயடிக்குக் கொண்டுபோனார்.

“ஆறுதலா, அண்ணை” என்றார் ஸுஹைர். குரலில் கோபம் இல்லை. “மோந்து பாத்திட்டுக் குடியுங்கோ.”